ரேடியோ சொன்னா சரியாத்தான் இருக்கும்!

திண்டுக்கல் நாகல்நகரில் என் பெரியப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். கடையில் அவர் நம்பியது இரண்டே இரண்டு சாமான்களை. ஒன்று, தராசு. (அதை வாடிக்கையாளர்கள் நம்பினார்களா என்பது வேறு விஷயம்!) இன்னொன்று, மர்ஃபி ரேடியோ. எவனாவது அரசியல் பேசி மல்லுக்கு நின்றால், "ரேடியோவுல சொல்லிட்டானா? அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் பருப்பு நிறுக்கப் போய்விடுவார்.

அந்த நம்பிக்கையில் கல் விழுந்த நாள், 1979 மார்ச் 22. ஜெயப்பிரகாஷ் நாராயண் காலமாகிவிட்டார் என்று ஆகாசவாணி சொன்னது. சும்மா இல்லை சார், பிரதமர் மொரார்ஜி தேசாயே நாடாளுமன்றத்தில் எழுந்து அறிவித்த சேதி! இரங்கல் சொல்லி சபையையும் ஒத்திவைத்துவிட்டார்கள். பெரியப்பா கண் கலங்கி, பேப்பரில் வந்த ஜே.பி. படத்தைச் சுவரில் ஒட்டி மாலை வாங்கி வரச் சொல்லிவிட்டார். மாலை வருவதற்குள் மறுப்பு வந்துவிட்டது. ஜே.பி. பம்பாய் ஜஸ்லோக் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருக்கிறார்!

"செத்தவருக்கு வாங்கின மாலையை சாமிக்குப் போடலாமா?" என்று பெரியப்பா குழம்ப, "அவர்தான் சாகலையே!" என்று பெரியம்மா அதை வாங்கிப் பிள்ளையாருக்குப் போட்டாராம். ஜே.பி. காலமானது அந்த வருஷம் அக்டோபர் 8-ம் தேதி. அன்று பெரியப்பா இன்னொரு பேப்பரிலும் பார்த்த பிறகுதான் மாலை வாங்கினார்!

ஆகாசவாணி செய்தது பிசகு. குறும்பு இல்லை. ஆனால், வேண்டுமென்றே மைக் முன்னால் உட்கார்ந்து கதை விட்ட மகானுபாவர்களும் உண்டு. அதில் முன்னோடி ஒரு பாதிரியார் என்றால் நம்புவீர்களா?

பெயர் ரொனால்ட் நாக்ஸ். துப்பறியும் கதைகளும் எழுதியவர். 1926 ஜனவரி 16 அன்று எடின்பரோவிலிருந்து பி.பி.சி.யில் பேசினார். 'லண்டனில் வேலையில்லாதவர்கள் கலவரம்! பிக் பென் கோபுரம் தரைமட்டம்! மந்திரி ஒருவரை விளக்குக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள்!' என்று நேரடிச் செய்தி மாதிரியே அடித்துவிட்டார். 'இது நகைச்சுவை' என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால், பாதியில் ரேடியோவைத் திருப்பினவனுக்கு அது எப்படித் தெரியும்? பத்திரிகை என்றால் தலைப்பைத் திரும்பப் பார்க்கலாம். ரேடியோவில் போன பேச்சு போனதுதான். போதாக்குறைக்கு மறுநாள் பல ஊர்களில் பனி கொட்டிப் பேப்பரும் தாமதம். 'அய்யய்யோ, லண்டன் போச்சு!' என்று நிஜமாகவே நடுங்கியிருக்கிறார்கள்.

இதே வித்தையை 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ் செய்தார். செவ்வாய்க் கிரகத்துக்காரர்கள் நியூஜெர்சியில் இறங்கிவிட்டதாக நாடகம். நாடே தெருவுக்கு ஓடிவந்தது என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. பயந்தவர்கள் இருந்தார்கள், ஆனால் பத்திரிகைகள்தான் அதை ஊதிப் பெரிசாக்கின என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். தங்கள் விளம்பர வருமானத்தைத் தட்டிப் பறித்த ரேடியோ மேல் அவர்களுக்கு அவ்வளவு காண்டு!

எனக்கு ரொம்பப் பிடித்தது 1976 ஏப்ரல் 1. வானியல் அறிஞர் பேட்ரிக் மூர் பி.பி.சி. ரேடியோவில், 'இன்று காலை 9.47-க்குப் புளூட்டோ கிரகம் வியாழனுக்குப் பின்னால் போகிறது. பூமியின் ஈர்ப்பு கொஞ்சம் குறையும். சரியாக அந்த நேரத்தில் குதித்தால் மிதக்கிற மாதிரி இருக்கும்' என்றார். நூற்றுக்கணக்கில் போன் வந்தது. 'ஆமாம், மிதந்தோம்!' என்று! ஒரு அம்மணி, தானும் பதினொரு தோழிகளும் நாற்காலியோடு கிளம்பி அறையைச் சுற்றி வந்ததாகவே சொன்னாராம். சுத்தமான ஏப்ரல் ஃபூல். யாருக்கும் காலணா நஷ்டமில்லை.

அடியேன் பி.காம். 'பெறுபவர் கணக்கில் பற்று வை, கொடுப்பவர் கணக்கில் வரவு வை' என்று படித்தவன். எனக்கென்னவோ சிரிப்புக்கும் இரட்டைப் பதிவு முறை உண்டென்றுதான் தோன்றுகிறது. ஊரே சிரித்தது என்று ஒரு பக்கம் வரவு விழுந்தால், எதிர்ப் பக்கத்தில் யாரோ ஒருத்தர் கணக்கில் பற்று விழுந்தே தீரும். அது யார் என்பதுதான் கேள்வி.

ஈக்வடாரின் குயிட்டோ நகரில் 1949 பிப்ரவரியில் அதே செவ்வாய்க் கிரக நாடகத்தைப் போட்டார்கள். ஏமாந்தது தெரிந்ததும் ஜனங்கள் ரேடியோ நிலையம் இருந்த கட்டடத்துக்கே தீ வைத்தார்கள். குறைந்தது 6 பேர் செத்துப் போனார்கள்.

2012 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து இரண்டு ஆர்.ஜே.க்கள் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போன் போட்டார்கள். எலிசபெத் ராணி, இளவரசர் சார்லஸ் குரலில்! இளவரசர் வில்லியமின் மனைவி மசக்கை வாந்தியோடு அங்கே அட்மிட் ஆகியிருந்தார். போனை எடுத்த நர்ஸ் நம்பி வார்டுக்கு இணைப்புக் கொடுத்தார். உலகமே கேட்டுச் சிரித்தது. மூன்றாம் நாள் அந்த நர்ஸ் உயிரை மாய்த்துக்கொண்டார். நம்ம பக்கத்துக் கர்நாடகத்தில் பிறந்தவர். இரண்டு பிள்ளைகளின் தாய்.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வேறொரு முகம் ஞாபகம் வந்தது. எங்கள் ஆபீஸ் கேஷியர் அண்ணன்.

அதற்கு முந்தின வருஷம் திண்டுக்கல்லில் முதல் வேலையில் இருந்தேன். மாசம் 6,000 ரூபாய். ஆபீசில் நாள் முழுக்க கொடைக்கானல் மலையிலிருந்து வரும் கோடை பண்பலைதான் ஓடும். காலையில் மட்டும் ஒரு தனியார் எஃப்.எம். அதில் போன் போட்டுக் கலாய்க்கிற நிகழ்ச்சி. யாரோ அண்ணன் நம்பரைக் கொடுத்துவிட்டார்கள்.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் பதினைந்து நாளில். "மண்டபத்துலேருந்து பேசறோம். அந்தத் தேதியில உங்களுக்கு முன்னாடியே வேற பார்ட்டி புக் பண்ணிட்டாங்க. நீங்க வேற இடம் பாத்துக்குங்க" என்றது குரல். அண்ணன் கெஞ்சினார். "சார், பத்திரிகை கொடுத்தாச்சு சார்..." என்றார். கடைசியில் உண்மையைச் சொன்னதும், "ஹி... ஹி..." என்று அவரும் சிரித்தார். மறுநாள் காலை ஒலிபரப்பானபோது ஆபீசே உருண்டு புரண்டது.

நான் மட்டும் முந்தின நாளே பார்த்துவிட்டேன். போனை வைத்தபின் அண்ணன் தண்ணீர் குடித்த டம்ளர் ஆடியது. மத்தியானம் சாப்பிடாமல் மண்டபத்துக்கே போய், ரிஜிஸ்தரில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். கல்யாணம் முடிகிறவரை அந்த அட்வான்ஸ் ரசீது அவர் சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை.

கல்யாணத்தில் எல்லாரும் 101 ரூபாய் மொய் எழுத, நான் 1,001 எழுதினேன்.

நர்ஸ் செய்தி படித்த அன்று சாயங்காலம், டீக்கடையில் அண்ணனிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "அண்ணே... அன்னிக்கு ரேடியோவுக்கு உங்க நம்பரைக் கொடுத்தது... நான்தாண்ணே."

அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "தெரியும் தம்பி. மொய் நோட்டைப் பாத்தன்னிக்கே தெரியும். ஆயிரத்தொண்ணு எழுதுற சம்பளமாடா உனக்கு?"