ஸ்டென்ட்: விலையைக் கேட்ட அரசு, தேவையைக் கேட்கவில்லை

2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இதய ஸ்டென்ட்டுகளுக்கு உச்சவரம்பு விதித்தது. லட்சத்தைத் தாண்டியும் விற்கப்பட்ட மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்கியது. சாதாரண உலோக ஸ்டென்ட் 7,260 ரூபாய். நோயாளியின் தலையில் கட்டப்பட்ட கொள்ளை லாபத்துக்குக் கடிவாளமிட்ட நல்ல நடவடிக்கை அது.

ஆனால், விலை நியாயமா என்பது பாதிக் கேள்விதான். இந்த நோயாளிக்கு ஸ்டென்ட் தேவையா என்பது மறுபாதி.

அதற்கான விடை முன்பே வந்துவிட்டது. நிலையான இதயத் தமனி நோயில், முறையான மருந்துச் சிகிச்சையோடு ஸ்டென்ட்டையும் சேர்ப்பதால் மரணமோ மாரடைப்போ குறைவதில்லை என்று 2,287 நோயாளிகளைக் கொண்ட கரேஜ் ஆய்வு 2007இல் காட்டியது. இந்தியர்களும் பங்கேற்ற, 5,179 பேரைக் கொண்ட இஸ்கீமியா ஆய்வின் முடிவும் 2020இல் அதே திசையில் அமைந்தது. மாரடைப்பு நேரத்தில் ஸ்டென்ட் உயிர் காக்கும். மாத்திரைக்கு அடங்காத நெஞ்சுவலியைத் தணிக்கும். இவற்றை எவரும் மறுக்கவில்லை. வலி கட்டுக்குள் இருப்பவரை அச்சுறுத்தி அவசரமாகக் கையெழுத்து வாங்குவதற்குத்தான் சான்று இல்லை.

அரசின் பணமோ எதிர்த்திசையில் ஓடுகிறது. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுதோறும் 5 லட்சம் ரூபாய் வரை உள்நோயாளிச் செலவை ஏற்கிறது. ஸ்டென்ட்டுக்கு அதில் தொகுப்புக் கட்டணம் உண்டு; புறநோயாளி சிகிச்சைக்கு இடமில்லை. ஆயுள் முழுவதும் உட்கொள்ளவேண்டிய ஸ்டாடின் மாத்திரை, அரசு சுகாதார நிலையத்தில் இருப்பு இருந்தால் கிடைக்கும், இல்லையேல் கைக்காசு.

மருத்துவரின் தீர்ப்பில் அரசு தலையிடலாமா என்று சிலர் கேட்பர். எதற்குப் பணம் தருவது, எதற்குத் தர மறுப்பது என்று முடிவுசெய்வதே தலையீடுதான். அது சான்றின் வழி நடக்கட்டும் என்பதே கோரிக்கை.

செலவையும் பயனையும் எடைபோட சுகாதார ஆய்வுத் துறையின்கீழ் மதிப்பீட்டு அமைப்பு ஒன்று இருக்கிறது. அதன் சொல் ஆலோசனையாக மட்டுமே நிற்கிறது. அதை ஏற்காத துறை, காரணத்தை எழுத்தில் வெளியிடவேண்டும். நிலையான நோய்க்கு ஸ்டென்ட் கோரும் மருத்துவமனை, முதலில் எந்த மருந்து எவ்வளவு காலம் தரப்பட்டது என்பதைப் பதியவேண்டும். அம்மருந்துகளின் செலவையும் காப்பீடு ஏற்கவேண்டும்.

கல்வியாளர்களுக்கும் இதில் பொறுப்புண்டு. கட்டுரையின் இறுதிப் பத்தியில் ‘கொள்கைப் பரிந்துரை’ எழுதியதோடு கடமை முடிவதில்லை. அது எந்த மேசையில் தூங்குகிறது என்று கேட்பதும் ஆய்வின் பகுதியே.