வில்லியனூரிலிருந்து பிரான்ஸுக்கு ஓட்டு போடலாம், பாரிஸிலிருந்து முடியாது: யூரோவிஷன் 2025 சொல்லும் பாடம்

2025 மே 18. இந்திய நேரப்படி நள்ளிரவு 12.30 மணி. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று தொடங்கியது. அந்த நேரத்தில் வில்லியனூரில் விழித்திருந்த ஒருவர், போனில் கார்டு நம்பரைத் தட்டி, காசு கட்டி, பிரான்ஸ் பாடகி லுவானுக்கு ஓட்டு போட்டிருக்கலாம். பாரிஸில் வேலை பார்க்கும் அவருடைய தம்பியால் அது முடியாது. பிரான்ஸில் இருப்பவர் பிரான்ஸுக்கு ஓட்டு போட விதியே இடம் தரவில்லை.

கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் ஓட்டு பாட்டுக்கா, சொந்த ஊருக்கா என்ற பழைய சண்டைக்கு அந்தப் போட்டி கண்டுபிடித்த தீர்வு இதுதான். நம்ம ஊர் டிவி பாட்டுப் போட்டிகளும் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

யூரோவிஷன் என்றால் என்ன?

ஐரோப்பிய ஒளிபரப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பு 1956 முதல் நடத்தும் போட்டி. ஒரு நாட்டுக்கு ஒரு பாட்டு. 2025-ல் 37 நாடுகள் கலந்துகொண்டன. ஐரோப்பாவில் இல்லாத ஆஸ்திரேலியாவும் 2015 முதல் பாடி வருகிறது.

ஒவ்வொரு நாடும் இரண்டு முறை மார்க் போடும். இசைத் துறையினர் அடங்கிய நடுவர் குழு ஒரு முறை, பொதுமக்கள் ஒரு முறை. அதிகபட்சம் 12 புள்ளி. யாரும் தன் நாட்டுக்குப் போடக் கூடாது. 2023 முதல், போட்டியில் இல்லாத நாடுகளின் ரசிகர்களும் ஆன்லைனில் ஓட்டு போடலாம். அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு நாடாகக் கணக்கில் வருவார்கள்.

இங்கேதான் புதுச்சேரி உள்ளே வருகிறது. 1962-ல் பிரெஞ்சு இந்தியப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற 'சொல்தா'க்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே. பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்கு அவர்கள் புதுச்சேரியிலிருந்தே வாக்களிக்கிறார்கள். அங்கே பாஸ்போர்ட் முக்கியம். யூரோவிஷனுக்கு அது தேவையில்லை. எந்த நாட்டில் இருந்து ஓட்டு வருகிறது என்பது மட்டும்தான் கணக்கு.

பாசெலில் என்ன நடந்தது?

ஆஸ்திரியாவின் ஜேஜே 436 புள்ளிகளோடு ஜெயித்தார். நடுவர்கள் கொடுத்தது 258, மக்கள் கொடுத்தது 178. இரண்டாவது வந்தது இஸ்ரேல், 357 புள்ளி. நடுவர்கள் கொடுத்தது வெறும் 60, மக்கள் ஓட்டில் 297. போட்டியை நடத்திய சுவிட்சர்லாந்தின் கதை இன்னும் விசித்திரம். நடுவர்களிடம் 214 புள்ளி வாங்கிய பாட்டுக்கு மக்கள் கொடுத்தது பூஜ்யம்.

அதோடு சர்ச்சை கிளம்பியது. அப்போதைய விதிப்படி ஒருவர் 20 ஓட்டு வரை போடலாம். இஸ்ரேல் அரசின் விளம்பர அமைப்பு ஆன்லைன் விளம்பரம் கொடுத்து ஓட்டு கேட்டிருந்ததும் தெரியவந்தது. ஸ்பெயின் உட்பட சில நாடுகளின் ஒளிபரப்பு நிறுவனங்கள் மக்கள் ஓட்டு முறையையே ஆய்வு செய்யச் சொன்னன. வாக்குப்பதிவு முறையாகத்தான் நடந்தது என்று கூட்டமைப்பு பதில் சொன்னது. ஆனாலும் 2026-க்கான விதிகளை மாற்றியது. 20 ஓட்டு 10 ஆனது. நடுவர் குழு அரையிறுதிக்கும் திரும்பி வந்தது. அரசு ஆதரவோடு நடக்கும் பெரிய விளம்பரப் பிரசாரங்களுக்குக் கடிவாளம் போடப்பட்டது.

பிரச்சினை அதோடு தீர்ந்துவிடவில்லை. காசா போரைக் காரணம் காட்டி, இஸ்ரேல் பங்கேற்கும் போட்டிக்கு வரமாட்டோம் என்று ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்து ஆகியவை 2026-லிருந்து விலகின. அது அரசியல் கேள்வி, ஓட்டு விதியால் தீர்க்க முடியாதது. ஆனால் ஓட்டு பற்றிய கேள்வியை எழுப்ப முடிந்ததற்கு ஒரே காரணம், புள்ளிகள் பிரித்து வெளியிடப்பட்டதுதான். 60, 297 என்ற இரண்டு எண்களும் தெரியாமல் இருந்திருந்தால் வெறும் வதந்திதான் மிஞ்சியிருக்கும்.

இந்தப் போட்டியும் பிறக்கும்போதே வெளிப்படையாகப் பிறக்கவில்லை. 1956-ல் லுகானோவில் நடந்த முதல் போட்டியில் ஜெயித்தவர் பெயரை மட்டும் சொன்னார்கள். யாருக்கு எத்தனை ஓட்டு என்பது இன்றுவரை வெளிவரவில்லை. 1969-ல் நான்கு நாடுகள் சம புள்ளி எடுத்தபோது, என்ன செய்வதென்று விதியில் இல்லாததால் நான்கு பேருமே ஜெயித்ததாக அறிவித்தார்கள். ஒவ்வொரு முறையும் அடிபட்டுத்தான் விதி வந்திருக்கிறது.

சரி, அதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

தமிழ் டிவி பாட்டுப் போட்டிகளும் எப்போதோ நாடு தாண்டிவிட்டன. 2015-ல் சூப்பர் சிங்கர் ஜூனியர் இறுதிச் சுற்றில் கனடாவிலிருந்து வந்த ஜெசிக்கா இரண்டாமிடம் பிடித்தார். பரிசாகக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தை ஆதரவற்ற குழந்தைகளுக்குக் கொடுப்பதாக அறிவித்தார். 2023 டிசம்பரில் ஜீ தமிழின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் பட்டத்தை யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா வென்றார். அதே சீசனில் மலையகத்திலிருந்து வந்த அசானியும் பாடினார். மலையகத் தமிழர்களின் 200 ஆண்டு வரலாறு நினைவுகூரப்பட்ட வருடம் அது. அந்தப் பிள்ளைகளின் பாட்டை உலகத் தமிழர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

நம்ம ஊர்ப் பிள்ளை பாடுது, ஜெயிக்கட்டும் என்று ஒருவர் நினைப்பதில் தப்பே கிடையாது. புலம்பெயர்ந்த குடும்பத்துக்கு அந்த ஓட்டு ஊருக்கு எழுதும் கடிதம் மாதிரி. ஐரோப்பாவிலும் வெளிநாட்டில் குடியேறியவர்கள் தாய்நாட்டுப் பாட்டுக்குக் கொட்டிக்கொடுப்பது பல வருடமாக நடப்பதுதான். பாசத்தைத் தடை செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

சிக்கல் அடுத்த நாள் வருகிறது. வெளிநாட்டுப் பிள்ளை ஜெயித்தால் 'அனுதாப ஓட்டு' என்று ஒரு பேச்சு. தோற்றால் 'சேனல் ஏமாத்திடுச்சு' என்று இன்னொரு பேச்சு. சமூக வலைதளத்தில் இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டிய நிலையில் நிற்பது பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தை. விதியை எழுதியது அந்தக் குழந்தை இல்லை. ஓட்டை எண்ணியதும் அது இல்லை.

என்ன செய்யலாம்?

குழந்தைகளுக்காகத் தனியாக நடக்கும் ஜூனியர் யூரோவிஷனில் ஒரு நல்ல வழி இருக்கிறது. 9 முதல் 14 வயதுப் பிள்ளைகள் பாடும் போட்டி அது. ஆன்லைன் ஓட்டுக்குக் காசு கிடையாது. சொந்த நாட்டுக்குப் போடலாம், ஆனால் குறைந்தது மூன்று நாடுகளைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். மீதிப் பாதி மார்க் நடுவர்களுடையது. பாசத்துக்கும் இடம் உண்டு, பாட்டுக்கும் இடம் உண்டு. நம்ம போட்டிகளுக்கு அப்படியே பொருந்தும் விதி இது.

அதோடு மூன்று விஷயங்களைத் தமிழ் சேனல்கள் எல்லா சீசனிலும் வழக்கமாக்க வேண்டும்.

முதலாவது, நடுவர் மார்க் எத்தனை சதவீதம், மக்கள் ஓட்டு எத்தனை சதவீதம் என்பதை முதல் எபிசோடிலேயே சொல்லிவிட வேண்டும். பாதியில் மாற்றக் கூடாது.

இரண்டாவது, ஒருவர் அதிகபட்சம் எத்தனை ஓட்டு போடலாம் என்ற வரம்பு வேண்டும். வெளிநாட்டு ஓட்டு எப்படிக் கணக்கில் வரும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, போட்டி முடிந்ததும் இரண்டு கணக்கையும் தனித்தனியாக, வெளித் தணிக்கையாளரின் கையெழுத்தோடு வெளியிட வேண்டும்.

'குறைந்த ஓட்டு வாங்கிய குழந்தைக்கு வலிக்காதா' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பூஜ்யம் என்ற அறிவிப்பை மேடையிலேயே கேட்பது பெரியவர்களுக்கே கொடுமை. குழந்தையின் முகத்தை க்ளோஸ் அப்பில் வைத்துக்கொண்டு எண்ணைச் சொல்லத் தேவையில்லை. மறுநாள் இணையதளத்தில் ஒரு அட்டவணையாகப் போட்டால் போதும்.

அடுத்த சீசனில் அரியாலையிலிருந்தோ, மலையகத்திலிருந்தோ, வில்லியனூரிலிருந்தோ ஒரு பிள்ளை கோப்பையோடு வீடு திரும்பும். 'எப்படி ஜெயிச்சே?' என்று யாராவது குத்தலாகக் கேட்டால், அதற்கான பதிலைச் சேனல் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்.