ஆசிரியர் மேசைக்கு ஒரு பெரிய திரை போதுமா?



எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஆசிரியர் அறைக்குக் கணினித் திரைகள் வாங்க 4,000 ரிங்கிட் ஒதுக்கியுள்ளது. விளையாட்டுப் போட்டி நாளன்று சிற்றுண்டி விற்றும் வீடு வீடாகப் பழைய நாளிதழ் சேகரித்தும் திரட்டிய பணம் அது. அப்பணத்தில் 34 அங்குல வளைந்த திரைகள் மூன்றனை வாங்கலாம் எனச் சங்கப் பொருளாளர் முன்மொழிந்தார். கூட்டத்தில் இருந்தோர் அனைவரும் தலையசைத்தனர். நான் ஒருவன் மட்டும் மறுத்தேன். பேசுவதற்கு ஐந்து மணித்துளி கொடுத்தார்கள். சொல்ல வேண்டியதில் பாதியைக்கூடச் சொல்லி முடிக்கவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பொருளாளர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. கணக்காய்வுப் பணியில் இருப்பவர். தம் மகளுக்காக மட்டுமின்றி எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்காகவும் ஓடியாடி உழைப்பவர். அவர் வீட்டு மேசையில் அத்தகைய பெரிய திரை ஒன்று இருக்கிறது. நாற்பது நெடுவரிசை கொண்ட கணக்கேட்டை இடக்கோடி முதல் வலக்கோடி வரை ஒரே பார்வையில் காண முடிகிறது என்று மகிழ்ச்சியோடு சொன்னார். உண்மைதான். கணக்கருக்கு அது தகும். ஆசிரியருக்குத் தகாது என்பதே என் வழக்கு.

பரப்பளவு பற்றிய வாதத்தை முதலிலேயே விட்டுக்கொடுத்து விடுகிறேன். திரையின் அளவை மூலைக்கு மூலை அளந்து சொல்வதால் பலரும் ஏமாந்துபோகிறோம். 34 அங்குல அகலத்திரையின் பரப்பு ஏறத்தாழ 410 சதுர அங்குலம். சாதாரண 24 அங்குலத் திரைக்கு ஏறத்தாழ 245. அதனோடு 14 அங்குல மடிக்கணினியின் திரையைச் சேர்த்தாலும் 330ஐத் தாண்டாது. பெரிய திரையே வெல்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஆசிரியரின் மேசையில் பரப்பளவா சிக்கல்?

கணினி வருவதற்கு முந்தைய ஆசிரியர் மேசையை நினைத்துப் பாருங்கள். இடப்பக்கம் பாடநூல் விரிந்திருக்கும், வலப்பக்கம் பாடக்குறிப்பேடு. திருத்தும் நேரத்தில் இடப்பக்கம் மாணவரின் கட்டுரை, வலப்பக்கம் புள்ளிப் பதிவேடு. இன்றும் அதே வேலைதான். கலைத்திட்டத் தர ஆவணத்தைப் பார்த்து நாள் பாடத்திட்டம் எழுதுகிறோம். மாணவரின் படைப்பைப் பார்த்து அடைவுநிலை 1 முதல் 6 வரை பதிகிறோம். ஒன்றில் படித்து மற்றொன்றில் எழுதும் வேலை. பெரிய திரையை இரண்டாகப் பிரித்தும் இதைச் செய்யலாம். விண்டோஸ் விசையோடு அம்பு விசையை அழுத்தினால் சாளரம் பாதித் திரைக்கு ஒதுங்கிக்கொள்ளும். இவ்வளவோடு நின்றிருந்தால் நான் இப்பதிவை எழுதியிருக்க மாட்டேன்.

ஆசிரியர் மேசைக்கு இன்னொரு தன்மை உண்டு. கணக்கர் மேசைக்கு அஃது இல்லை. அம்மேசையின் ஒரு பகுதி பிறர் பார்ப்பதற்குரியது. மற்றொரு பகுதி எவரும் பார்க்கக் கூடாதது. பாடப்படம், காணொலி, செய்யுள் விளக்கம் ஆகியவை காட்டுவதற்குரியவை. புள்ளிப்பட்டியல், உதவி பெறும் மாணவர் பெயர்கள், ஒரு பிள்ளையின் வீட்டு நிலைமை பற்றி நாம் குறித்து வைத்தவை ஆகியவை மறைப்பதற்குரியவை. இரண்டும் ஒரே கணினியில், ஒரே நேரத்தில் திறந்திருக்கின்றன. இதை நான் எப்படிக் கற்றேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. இருப்பினும் சொல்கிறேன்.

2021ஆம் ஆண்டு. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பள்ளி மூடப்பட்டு, இல்லிருப்புக் கற்றல் நடந்துகொண்டிருந்த காலம். அப்போது என் வீட்டு மேசையில் இருந்தது ஒரே ஒரு பெரிய திரை, 32 அங்குலம். மடிக்கணினியை மூடி ஓரமாக வைத்துவிட்டு அந்தத் திரையில் மட்டுமே வேலை செய்வேன். பெருமையோடு வாங்கிய பொருள் அல்லவா! ஓர் இரவு கூகுள் மீட் வழியாக என் வகுப்புப் பெற்றோரைச் சந்தித்தேன். படவில்லைகளுக்கும் காணொலிக்கும் மாறி மாறிச் செல்ல வேண்டியிருந்ததால், 'முழுத்திரையையும் பகிர்' என்பதைத் தேர்ந்தேன். இடப்பாதியில் படவில்லைகள். வலப்பாதியில், அன்று மாலை நான் நிரப்பிக்கொண்டிருந்த உணவுப் பொருள் உதவிப் பட்டியல். மூட மறந்திருந்தேன்.

பட்டியலில் மாணவர் பெயரும், அருகே 'குடும்பச் சூழல்' என்றொரு கட்டமும் இருந்தன. ஒரு பெயருக்கு எதிரே, தந்தை வேலையிழந்ததையும் வீட்டு வாடகை மூன்று மாதம் நிலுவையில் இருப்பதையும் என் கைப்படவே எழுதியிருந்தேன். அவர் என்னிடம் தனியாக, தயங்கித் தயங்கிச் சொன்னவை அவை. இருபத்தேழு குடும்பங்கள் ஏறத்தாழ நான்கு மணித்துளிகள் அதைப் பார்த்தன. ஒரு பெற்றோர் புலனத்தில் எனக்குத் தனியே செய்தி அனுப்பிய பிறகே எனக்குத் தெரிந்தது. அதற்குள் அந்தத் தாயார் கூட்டத்திலிருந்து ஓசையின்றி விலகியிருந்தார். அடுத்த மூன்று நாள்கள் அந்தப் பையன் இயங்கலை வகுப்புக்கு வரவில்லை.

கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு அவர்கள் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். தேநீர் கொடுத்தார். "பரவாயில்லைங்க சார், வேணும்னா செஞ்சீங்க" என்றார். வாயிற்படி வரை வந்து, "பேரை மட்டும் மறைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும் சார்" என்றார். பையன் உள்ளறையிலிருந்து வெளியே வரவேயில்லை.

தவறு என்னுடையது. திரை மீது பழி போடவில்லை. ஆனால், தவறு நேர்வதற்கு மிக எளிதான ஒரு மேசையை நானே அமைத்து வைத்திருந்தேன் என்பதையும் மறுக்க இயலாது.

இதைச் சொன்னவுடன் பொருளாளர் கேட்டார்: "முழுத்திரையை ஏன் பகிர வேண்டும்? ஒரு சாளரத்தை மட்டும் பகிரும் வசதி இருக்கிறதே!" இருக்கிறது. அலுவலகக் கூட்டத்தில் ஓர் அறிக்கையை மட்டும் காட்டும் ஒருவருக்கு அது போதும். முப்பது மணித்துளிப் பாடத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார் தெரியுமா? படவில்லை, காணொலி, மின்பாடநூல், அகராதி, மறுபடியும் படவில்லை. ஒவ்வொன்றுக்கும் பகிர்வை நிறுத்தி, மறுபடி தொடங்க வேண்டும். இடையில் பிள்ளைகள் "சார், ஒண்ணும் தெரியல!" என்று கத்துவார்கள். மூன்றாம் முறை எந்த ஆசிரியரும் முழுத்திரையைத்தான் தேர்வார். நான் தேர்ந்ததும் அப்படித்தான்.

இரண்டு திரை இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. மடிக்கணினித் திரை எனக்குரியது. அதையே முதன்மைத் திரையாக அமைத்துக்கொள்கிறேன். அருகிலுள்ள 24 அங்குலத் திரை ஊருக்குரியது. பகிரும்போது அந்த இரண்டாம் திரையை ஒருமுறை தேர்ந்தால் போதும். காட்ட வேண்டியதை அங்கே தள்ளுகிறேன். மற்றவை இங்கேயே கிடக்கின்றன. விண்டோஸ் தன் அறிவிப்புகளை முதன்மைத் திரையில்தான் எழுப்புகிறது. ஆகவே பாடம் நடக்கையில் வந்து விழும் புலனச் செய்தியும் பிள்ளைகளின் கண்ணில் படாது. இரண்டுக்கும் நடுவே கருநிற நெகிழி விளிம்பு ஒன்று இருக்கிறதே, அழகைக் கெடுக்கிறது என்று விற்பனையாளர்கள் இழித்துரைக்கும் விளிம்பு... எனக்கு வேண்டியது அதுதான். பெரிய திரைக்குள் நாம் கற்பனையில் கிழித்துக்கொள்ளும் கோட்டைக் களைத்த கண் மறந்துபோகும். அந்த விளிம்பைச் சுட்டியை நகர்த்தும் கையே உணரும்.

வகுப்பறைப் படவீழ்த்தியிலும் இதே கதைதான். விண்டோஸ் விசையோடு 'பி' விசையை அழுத்தினால் நகலெடுக்கவா, நீட்டிக்கவா என்று கணினி கேட்கும். நம்மில் பெரும்பாலோர் நகலைத்தான் தேர்கிறோம். ஆசிரியர் பார்ப்பதையெல்லாம் வகுப்பும் பார்க்கிறது. ஒருவன் 23 புள்ளி வாங்கியதையும் சேர்த்து. 'நீட்டி' என்பதைத் தேர்ந்தால் சுட்டி எங்கோ காணாமற் போய்விடுகிறது என்று ஓர் ஆசிரியை என்னிடம் முறையிட்டார். நாள்தோறும் மேசையில் இரண்டு திரையில் பழகியவருக்கு அக்குழப்பம் வராது. 1998இல் வந்த விண்டோஸ் 98 முதற்கொண்டே இருக்கும் வசதி இது!

பெற்றோர் பக்கத்தையும் பாருங்கள். எங்கள் பெற்றோரில் பலர் கூட்டங்களில் கைப்பேசி வழியாகவே இணைகிறார்கள். 34 அங்குல அகலத்திரையை முழுமையாகப் பகிர்ந்தால், நிமிர்த்திப் பிடித்த கைப்பேசியில் அஃது எப்படித் தெரியும்? கைப்பேசித் திரையின் அகலம் 7 சென்டிமீட்டர் எனக் கொண்டால், படத்தின் உயரம் 3 சென்டிமீட்டர்கூட இராது. அதற்குள் திருக்குறளும் பொருளும் படமும்! பாட்டி ஒருவர் பேரனின் பாடத்தை அதில் எப்படிப் படிப்பார்?

பொருளாளர் ஓர் ஆய்வையும் காட்டினார். 2008இல் யூட்டா பல்கலைக்கழகத்தினர் செய்தது. 18 அங்குலத் திரையைவிட 24 அங்குல ஒற்றைத் திரையில் வேலை 52 விழுக்காடு விரைவாகவும், இரண்டு 20 அங்குலத் திரைகளில் 44 விழுக்காடு விரைவாகவும் முடிந்ததாம். என் கட்சிக்கு எதிரான கணக்குத்தான். ஆனால் அதே ஆய்வில், 26 அங்குலத்தில் வேகம் மறுபடி குறைந்தது என்பதை அவர் படித்துக் காட்டவில்லை. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது திரைகளை விற்கும் நெக் நிறுவனம் என்பதையும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே செய்யப்பட்ட வேலை ஆவணம் திருத்துவதும் எண்களை ஓர் அட்டவணையிலிருந்து மற்றோர் அட்டவணைக்கு மாற்றுவதும். அவர்களில் எவருக்கும் எதிரே முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கவில்லை.

கழுத்து வலி வரும் என்பதும் ஒரு மறுப்பு. இரண்டு திரைகளையும் சரிசமமாக வைத்து, நடுவிளிம்பை மூக்குக்கு நேரே நிறுத்தி, நாள் முழுதும் ஒரு திரையையே பார்த்தால் வராமல் என்ன செய்யும்? அதிகம் பார்க்கும் திரையை நேர் எதிரே வையுங்கள். மற்றதைச் சற்றே உள்நோக்கிச் சாய்த்துப் பக்கத்தில் வையுங்கள். மேல்விளிம்பு கண்மட்டத்தில், கைநீட்டும் தூரத்தில் இருக்கட்டும். மடிக்கணினியை உயர்த்தப் பழைய பாடநூல்கள் நான்கு போதும். அப்படி உயர்த்தினால் தனி விசைப்பலகை ஒன்று தேவைப்படும். இரண்டாம் திரை புலனத்துக்கும் முகநூலுக்கும் குடியிருப்பாகிவிடும் என்றார் இன்னொருவர். ஆகும்; எனக்கும் ஆகியிருக்கிறது. பெரிய திரையின் வலப்பாதியும் அவ்வாறே ஆகும். இதில் இரு கட்சியும் ஒன்றே.

'அப்படியானால் பிள்ளைகளுக்கும் இரண்டு திரை வாங்க வேண்டுமா?' எனப் பெற்றோர் கேட்கலாம். வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைக்கு எதையும் மறைத்துப் பாடம் நடத்தும் வேலை இல்லை. அந்தப் பணத்தில் நல்ல நாற்காலி வாங்கிக் கொடுங்கள்.

சட்டம் இருக்கிறதே என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் பொருந்தாது என்று அச்சட்டமே கூறுகிறது. வணிகத் தொடர்பான தரவுகளைப் பற்றியதே அது. பள்ளியில் நாம் எழுதி வைத்திருக்கும் 'குடும்பச் சூழல்' கட்டத்தை அந்தச் சட்டம் வந்து காக்கும் என்று காத்திருக்க வேண்டாம். மேசையில் உட்காரும் ஆசிரியரே காக்க வேண்டும்.

இனி பணக் கணக்கு. எங்களுக்குக் கிடைத்த விலைப்பட்டியலின்படி 34 அங்குலத் திரை ஒன்று 1,290 ரிங்கிட், மூன்றுக்கு 3,870. சாதாரண 24 அங்குலத் திரை ஒன்று 390 ரிங்கிட், பத்துக்கு 3,900. ஆசிரியர் அறையில் மேசைகள் பத்து. ஒவ்வோர் ஆசிரியரிடமும் மடிக்கணினி ஏற்கெனவே இருக்கிறது. அதன் திரைக்கு நாம் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. மூன்று பெரிய திரைகளைப் பத்துப் பேர் எவ்வாறு பகிர்வது? மூத்தவர் மூவருக்கா? முதலில் வந்தவருக்கா? 'பெரிய திரையோடு மடிக்கணினியையும் திறந்து வைத்துக்கொள்ளலாமே' என்று கூட்டத்தின் முடிவில் பொருளாளரே சொன்னார். அப்படியானால் ஐயா, இரண்டு திரை வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டீர்கள். ஏழு ஆசிரியருக்கு அது கிடைக்காது என்பது மட்டுமே நம்மிடையே எஞ்சியுள்ள வேறுபாடு!

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கம் மீண்டும் கூடி முடிவெடுக்கிறது. என் வீட்டு 24 அங்குலத் திரையை மகிழுந்தில் ஏற்றிக் கொண்டுவரப் போகிறேன். பொருளாளர் தம் கைப்பேசி வழியாக என் பாடத்தில் இணையட்டும். என் மடிக்கணினியில் எந்தப் பட்டியல் திறந்திருக்கிறது என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டால், பெரிய திரைக்கே கையுயர்த்துகிறேன்.

பி.கு.: ஆசிரிய நண்பர்களே, கூட்டத்துக்கு முன் உங்கள் மடிக்கணினியின் பக்கவாட்டைப் பார்த்து, எச்.டி.எம்.ஐ துளை இருக்கிறதா, பழைய வி.ஜி.ஏ துளை மட்டுமா என்று எனக்குத் தெரிவியுங்கள். மீதி 100 ரிங்கிட்டில்தான் இணைப்பிகள் வாங்க வேண்டும்.