செம்பியின் கருப்பையும் நம் கோட்பாடுகளும்

மத்திகெரேயில் நான் குடியிருக்கும் தெருவில் ஒரு பெண் நாய் இருக்கிறது. செம்மண் நிறம். தமிழ் மாணவர்களுக்கு அவள் செம்பி. எதிர்வீட்டு அஜ்ஜிக்குக் கெம்பி. அவளுக்குக் கருத்தடை அறுவை செய்விக்க நாள் குறித்திருக்கிறேன் என்று சென்ற வாரம் தேநீர்க் கடையில் சொன்னேன். உடனிருந்த ஆய்வாளர் நண்பர்கள் இருவரும் என்னை ஏறக்குறையக் குற்றவாளியாகவே நோக்கினர். ஒருவர் உயிரரசியல் என்றார். மற்றவர், அதிகாரம் எப்போதும் பெண்ணுடலின் மீதே கத்தி வைக்கிறது என்றார். தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய விடை என்னிடம் இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

இரண்டாமவரின் தடையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், வலுவானது அதுவே. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது 0.3 விழுக்காடு மட்டுமே. ஆணுக்குரிய அறுவை எளிதாக இருந்தும் சுமை முழுவதையும் பெண்மீது ஏற்றிய நாடு இது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில், ஒரே நாளில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவற்றையெல்லாம் படித்த ஒருவர் கருத்தடை என்ற சொல்லைக் கேட்டதும் துணுக்குறுவது இயல்பே.

ஆனால் துணுக்குறுதல் வாதமாகிவிடாது. மனிதரிடத்தில் அது அநீதியாவதற்குக் காரணங்கள் உள்ளன. பேசத் தெரிந்த பெண்ணின் சொல் கேட்கப்படவில்லை. சுமையைப் பகிர்ந்துகொள்ளக்கூடிய ஆண் அருகிலேயே இருந்தும் விலகிக்கொண்டான். தெருநாயிடத்தில் இவ்விரண்டும் இல்லை. ஒரு தெருவின் பத்து ஆண் நாய்களில் ஒன்பதுக்கு அறுவை செய்தாலும், எஞ்சிய ஒன்று அத்தெருவின் பெண் நாய்கள் அனைத்தையும் சினையாக்கப் போதும். பெண் நாயைத் தேர்வதற்குக் காரணம் ஆணாதிக்கம் அன்று, எளிய கணக்கு. செம்பியின் ஒப்புதலை நான் பெறவில்லை என்பது உண்மை. கருவுறும்போது மட்டும் யார் பெற்றார்கள்? அவள் பருவத்துக்கு வந்த நாள்களில் மூன்று தெருக்களின் ஆண் நாய்கள் ஏழெட்டு அவளைச் சுற்றி வளைத்து நின்றதை, தடியோடு நின்று விரட்டியவன் என்ற முறையில் அறிவேன். உண்ணவும் படுக்கவும் இடமின்றி அவள் வண்டிகளுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தாள். அதற்குத் தன்விருப்பம் என்று பெயரிட எனக்குக் கூசுகிறது.

சென்ற நவம்பரில் காலி மனையொன்றில் ஆறு குட்டிகள் ஈன்றாள். இரண்டு ஆண், நான்கு பெண். ஆண் குட்டிகள் இரண்டும் ஒன்றரை மாதத்துக்குள் வீடு சேர்ந்தன. பெண் குட்டிகளுக்காக நானும் அறைத்தோழரும் ஏறி இறங்காத வாசல் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: 'ஆண் இருக்கிறதா?' பெட்டை வேண்டாம், அது குட்டி போடும் என்றார்கள். நான்கில் இரண்டு பார்வோ நோயில் இரத்தமாகக் கழிந்து இறந்தன. ஒன்று தண்ணீர் லாரியின் சக்கரத்தில் சிக்கியது. நான்காவதை ஒருநாள் காலையில் காணவில்லை. யாரோ சாக்கில் போட்டுக்கொண்டுபோய் வேறெங்கோ விட்டுவிட்டார்கள் என்று காவலாளி சொன்னார். யார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

நம் ஊர்களில் இது புதிதன்று. கண் திறக்காத பெட்டைக் குட்டிகளை மட்டும் பிரித்தெடுத்து ஊரெல்லையில் விட்டுவரும் வழக்கத்தை, கிராமத்தில் வளர்ந்த எவரும் பார்த்திருப்பர். தாயை அறுப்பது பாவம் என்று சொல்லும் வீட்டிலேயே இது நடக்கும். பெண்பாலுக்கு எதிரான வன்முறையைப் பற்றி என்னிடம் பேசிய நண்பர், அதை அறுவை மேசையில் தேடுகிறார். நான் அதைப் பார்த்த இடம் அந்தச் சாக்கு. தாய்க்குக் கத்தி கூடாது என்ற தூய்மையை மகள்களின் உயிரால் ஈடுகட்டுகிறோம்.

'ஒருமுறையாவது ஈனட்டும், அதுதான் உடலுக்கு நல்லது' என்பது அஜ்ஜியின் வாதம். படித்தவர்களும் சொல்கிறார்கள். இதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. அறுவை செய்யாத பெண் நாய்களுக்கு வயதேற ஏறக் கருப்பையில் சீழ் கட்டும் நோய் வருவது மிகுதி. கவனியாவிட்டால் உயிரைக் கொல்லும். முலைக் கட்டிகளைப் பற்றி 1969இல் வெளியான புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வு, முதற்பருவத்துக்கு முன் அறுவை செய்தால் ஆபத்து மிகக் குறைவு என்றது. 2012இல் வந்த மறுபரிசீலனையோ அந்த ஆதாரம் வலுவற்றது என்றது. கோல்டன் ரெட்ரீவர் போன்ற பேரின நாய்களுக்கு ஓராண்டுக்குள் அறுவை செய்தால் மூட்டுக் கோளாறுகள் கூடுவதாக டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2013இல் எழுதினர். வீட்டில் பன்னிரண்டு ஆண்டு வாழப்போகும் நாய்க்கு எந்த வயதில் செய்வது என்பது நியாயமான கேள்விதான். ஏற்கெனவே ஈன்றுவிட்ட, நாளை லாரியில் அடிபடக்கூடிய செம்பிக்கு அதைப் பொருத்துவது அடிக்குறிப்பைக் கேடயமாகப் பிடிப்பதாகும்.

உயிரரசியல் என்ற நண்பருக்கு ஊரின் வரலாற்றை நினைவூட்ட வேண்டும். மதராஸ் மாநகராட்சி நூறாண்டுக்கும் மேலாகத் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. கருத்தடையே தீர்வு என்று 1964 முதல் வாதாடியவர் புளூ கிராஸின் சின்னி கிருஷ்ணா. மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆயிற்று. பெங்களூரில் 2007இன் தொடக்கத்தில் சில வார இடைவெளியில் இரு குழந்தைகள் தெருநாய்களால் கொல்லப்பட்டனர். உடனே நாய்கள் கூட்டங்கூட்டமாகப் பிடித்துக் கொல்லப்பட்டன. 2019இல் 3.10 இலட்சமாக இருந்த இந்நகரின் தெருநாய்கள் 2023 கணக்கெடுப்பில் 2.79 இலட்சம், கருத்தடை செய்யப்பட்டவை 51 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 72ஆக உயர்ந்தன. பெரிய வெற்றி அன்று. ஆயினும் எவரும் கொல்லப்படாமல் எண்ணிக்கை குறைந்தது.

இந்த மெதுவான வழிக்கும் பொறுமை தீர்ந்துவருகிறது. 2025 ஆகஸ்ட் 11இல் தில்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்சநீதிமன்றம், 22இல் அதைத் திருத்திப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. நவம்பர் 7இலோ, கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், தொடர்வண்டி நிலையங்கள் ஆகியவற்றில் பிடிபடும் நாய்களை மீண்டும் அங்கே விடக்கூடாது என்று ஆணையிட்டது. கத்தியை மறுப்பவருக்குக் கிடைப்பது கட்டற்ற விடுதலை என்று நண்பர் எண்ணுகிறார். வரிசையில் அடுத்து நிற்பது கூண்டு. ஒவ்வோர் ஈற்றும், குட்டிகளைக் காக்கச் சீறும் தாய் கடிக்கும் ஒவ்வொரு கடியும், கூண்டைக் கேட்போரின் கையையே வலுப்படுத்துகின்றன.

நண்பரின் கோட்பாடு பயன்படும் இடம் ஒன்று உண்டு, அங்கே அவரைக் காணோம். பிலாஸ்பூரில் கொன்றது இலக்கும் அவசரமும். தலைக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டு நாய்களுக்கு அறுவை செய்யும் இடங்களிலும் அதே ஆபத்து இருக்கிறது. கருவிகள் கொதிக்க வைக்கப்பட்டனவா, வலிக்கு மருந்து தரப்பட்டதா, தையல் ஆறுமுன் விடுவிக்கப்பட்டதா, பிடித்த தெருவிலேயே விடப்பட்டதா? இவற்றைத் தகவல் உரிமை மனுவாக எழுதிக் கேட்கலாம். ஆய்வாளனின் நேரத்துக்கு அது தகுந்த வேலை.

செம்பிக்கு வியாழன் காலை அறுவை. புதன் இரவு முதல் யாரும் அவளுக்குச் சோறோ பிஸ்கட்டோ போட வேண்டாம்; வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்பது மருத்துவர் சொல். பிறகு ஐந்து நாள் என் அறையில் இருப்பாள். தையலை நக்காதபடி கழுத்தில் கூம்பு மாட்டியிருக்கும், பகலில் ஒருவர் உடனிருக்க வேண்டும். வெள்ளியும் சனியும் எனக்கு ஆய்வகத்தில் வேலை. அவ்விரு நாள்களுக்கு ஆள் தேவை. தேநீர்க் கடை நண்பர்களும் வரலாம். வாதத்தை அங்கே தொடர்வோம்.