பெயரும் கூலியே!

முக்கூடலில் பீடி சுற்றும் பெண்ணைக் கேளுங்கள். பாஸ் புத்தகத்தில் தன் பெயர் ஏறாவிட்டால் வைப்பு நிதி உண்டா? உவரிக் கடலோடியைக் கேளுங்கள். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் உண்டா? இல்லை! உழைப்பவனுக்குப் பெயர் அலங்காரம் அல்ல, தோழர்களே; அதுவும் கூலிதான்!

இதை உணர்ந்து போராடிய வீராங்கனை ஒருவர் அமெரிக்காவில் வாழ்ந்தார். அவர்தான் மேரி மெக்கால் அம்மையார். 1904இல் பிறந்தவர், சினிமாக் கதாசிரியை. நம் டி. பி. ராஜலட்சுமி 'மிஸ் கமலா'வை எழுதி இயக்கிய அதே 1936இல், ஹாலிவுட்டில் 'கிரெய்க்ஸ் ஒய்ஃப்' படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்.

அந்நாளில் அங்கே நடந்தது என்ன? திரையில் எவன் பெயர் வந்ததோ அவனுக்கே அடுத்த வேலை, அவனுக்கே உயர்ந்த சம்பளம். அந்தப் பெயரைக் கொடுப்பதும் பறிப்பதும் முதலாளியின் இஷ்டம்! எழுதியவன் ஒருவன், பெயர் பெற்றவன் வேறொருவன்!

1933இல் எழுத்தாளர்கள் சங்கம் கண்டனர். முதலாளிகள் சும்மா இருந்தார்களா? 1936இல் தங்களுக்கு வேண்டிய போட்டிச் சங்கத்தைத் தட்டிக்கொடுத்தார்கள். நம் ஆலை வாசல்களில் காணாத வித்தையா இது! 1938 தேர்தலில் உண்மைச் சங்கமே வென்றது. ஆயினும் ஒப்பந்தம் கைக்கு வர 1942 ஆயிற்று. அதற்காக முன்னின்று வாதாடியவர் மெக்கால். வாரத்துக்குக் குறைந்தது 125 டாலர் சம்பளம். திரையில் யார் பெயர் என்று தீர்மானிக்கும் உரிமை சங்கத்துக்கு! அதே ஆண்டு சங்கத்தின் முதல் பெண் தலைவரும் ஆனார்.

1951இல் மீண்டும் தலைமைக்கு வந்தார். வந்தது சோதனை! பால் ஜாரிகோ என்ற எழுத்தாளர், கம்யூனிஸ்டுகளைத் தேடிய பாராளுமன்றக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்தார். கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ், 'லாஸ் வேகாஸ் ஸ்டோரி' படத்திலிருந்து அவர் பெயரை வெட்டினார். சங்கம் விசாரித்து, ஜாரிகோவுக்குப் பெயர் உண்டு என்றது. ஹியூஸ் ஏற்கவில்லை. வழக்கு மூண்டது.

மெக்கால் கம்யூனிஸ்ட் அல்ல. "எனக்கென்ன?" என்று ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை! காத்தது ஜாரிகோவின் கொள்கையை அல்ல, கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை.

வழக்கில் சங்கம் தோற்றது. அம்மையாருக்குப் பட வாய்ப்புகள் குறைந்தன. 1953இல் சங்கமே பணிந்து, அத்தகையோரின் பெயரை நீக்கும் உரிமையை முதலாளிகளிடம் விட்டுக்கொடுத்தது. விளைவு? 1956இல் வெளியான 'தி பிரேவ் ஒன்' படக் கதைக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. எழுதியவர் டால்டன் டிரம்போ. பரிசு பெற்றதோ 'ராபர்ட் ரிச்' என்ற புனைபெயர்! உழைத்தவர் மேடையேற முடியவில்லை.

1986இல் மெக்கால் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற கேள்வி மறையவில்லை. சங்கக் கூட்டத்தில் நம்மை எதிர்த்துப் பேசுகிறான் ஒருவன். வேறு கொடி பிடிக்கிறான். நாளை அவன் பெயரை நிர்வாகம் வருகைப் பதிவேட்டிலிருந்து அடித்தால், "அவனுக்கு வேண்டும்" என்று சிரிப்போமா? ஆலை வாசலுக்குச் சென்று அவனுக்காக நிற்போமா?

சிரித்தால், அடுத்து வெட்டப்படுவது நம் பெயர். நின்றால்தான் அது சங்கம்!