பதிவேட்டுக்குள் போன கேள்விகள்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கு,
தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கோயம்புத்தூர்.



நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ஆண்டு தவறாமல் வரும் படம் ஒன்று உண்டு. வேளாண் கல்லூரி மாணவிகள் நாலைந்து பேர் வரிசையாக நிற்பார்கள். ஒருவர் கையில் மஞ்சள் ஒட்டுப்பொறி. எதிரே தோளில் துண்டோடு விவசாயிகள். 'கிராமத் தங்கல் திட்டத்தின் கீழ் செயல்விளக்கம்' என்று அடியில் இரண்டு வரி. அசோலா, விதை நேர்த்தி, தென்னைக்கு வேரூட்டல் என்று விஷயம் மாறும், படம் மாறாது. சேலம் மாவட்டத்தில் மரவள்ளி போடுகிறவன் நான். அந்தப் படத்தில் வராத ஒன்றைப் பற்றி உங்களுக்கு எழுதவேண்டியிருக்கிறது.

இறுதியாண்டுப் பிள்ளைகள் ஊரில் வந்து தங்குவது அருமையான ஏற்பாடு. கலர்ப்பொடியால் ஊர் வரைபடத்தைத் தரையில் போட்டு, ஏரி எது, மேட்டாங்காடு எது, எந்தக் கிணறு வற்றிப்போனது என்று எங்களிடமே கேட்டுக் குறிக்கிறார்கள். மேடைப் பேச்சுக்குத் தலையை மட்டும் ஆட்டுகிற ஆட்கள், வரைபடத்தில் தங்கள் கிணறு இடம் மாறிவிட்டால் சண்டைக்கே வந்துவிடுவார்கள். ஊர் உண்மையில் வாய் திறப்பது அப்போதுதான். மயிலையும் காட்டுப்பன்றியையும் என்ன செய்வது? கிழங்கு பிடுங்க ஆள் கிடைப்பதில்லை, ஒன்றரை ஏக்கர்க்காரனுக்குக் கட்டுப்படியாகும் கருவி உண்டா? மரவள்ளிக்கு விலை மாவுச்சத்துப் பாயிண்ட் கணக்கில் போடுகிறார்கள், பாயிண்டை அளப்பதோ வாங்குகிற ஆலை. லாரியில் ஏற்றும் முன் காட்டிலேயே நாங்கள் அளந்து பார்த்துக்கொள்ள வழி இருக்கிறதா?

பிள்ளைகள் இதையெல்லாம் எழுதிக்கொள்கிறார்கள். பதிவேடு மதிப்பெண்ணுக்குப் போகிறது. அதற்குப் பிறகு அந்தக் கேள்விகள் யார் மேசைக்குப் போகின்றன என்பதுதான் நான் கேட்க வந்தது.

கேள்வி சரியான மேசைக்குப் போனால் என்ன நடக்கும் என்று உங்கள் பல்கலைக்கழகமே காட்டியிருக்கிறது. 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளியில் ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டது. கொஞ்ச நாளில் மரவள்ளி, மல்பெரி என்று கண்ட பயிரிலும் ஏறியது. உடம்பெல்லாம் மெழுகு மாவு பூசிய பூச்சி. எந்த மருந்தை அடித்தாலும் வழிந்து ஓடியது. கடைக்காரர் சொன்னதையெல்லாம் வாங்கி அடித்துப் பணத்தைத் தொலைத்தவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். 2010-ல் அந்தப் பூச்சியின் இயற்கை எதிரியான ஒரு பொடிக் குளவியைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூரில் உள்ள பூச்சி ஆய்வு நிறுவனம் தருவித்தது. உங்கள் பூச்சியியல் துறையினர் உருளைக்கிழங்கு முளையில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன்மேல் குளவியைப் பெருக்கி, ஊர் ஊராக விட்டார்கள். குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று தீர்க்கும். எறும்பில் பாதிகூட இல்லாத அந்தக் குளவி, மருந்துக்கு மசியாத பூச்சியை அடக்கிவிட்டது. பிறகு மரவள்ளிக்கென்றே இன்னொரு மாவுப்பூச்சி வந்தபோதும் இதே வழிதான். பெனின் நாட்டிலிருந்து வந்த குளவியை 2022-ல் எங்கள் மாவட்டத்து ஏத்தாப்பூரில் உள்ள உங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள்.

ஆனால் மாவுப்பூச்சி ஊரையே சூறையாடிய பூச்சி. அதைப் பார்க்காமல் இருக்க யாராலும் முடியாது. ஒன்றரை ஏக்கர்க்காரனின் கருவியும் பாயிண்ட் கணக்கும் அப்படிச் சத்தம் போடுவதில்லை. எந்தத் துறைக்குள்ளும் அவை முழுதாக அடங்குவதுமில்லை. மயில் வந்தால் வனத்துறை, விலை என்றால் சந்தை, அளவை என்றால் ஆலை என்று ஆளுக்கொரு பக்கம் கைகாட்டிவிடலாம்.

சைதாப்பேட்டையில் 1868-ல் ஒரு வேளாண் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம் உங்களுடையது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் உங்கள் பொறுப்பில்தான் பிறந்தது. ஆராய்ச்சியைக் காட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதில் உங்களுக்குப் பழுத்த அனுபவம் இருக்கிறது. எதிர்த்திசையில் போகும் பாதைதான் இன்னும் ஒற்றையடிப் பாதையாகக் கிடக்கிறது.

இயற்கை வேளாண்மைக்காகப் பேசிய நம்மாழ்வாரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, அறுபதுகளில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். அங்கே நடக்கிற ஆராய்ச்சி வானம் பார்த்த பூமிக்காரனுக்கு உதவாது என்று வேலையை உதறிவிட்டு வெளியேறினார். அவர் பிற்பாடு சொன்ன எல்லாவற்றையும் நான் ஒப்புக்கொள்பவன் அல்ல. உரம் போடாமல் என் மரவள்ளி கட்டாது. ஆனால் அன்று அவர் கேட்டது கரிசல்காட்டுக்காரனின் கேள்வி. அதைக் கேட்க வேலையை விடவேண்டியிருந்தது. இன்று உங்கள் வளாகத்தில் இயற்கை வேளாண்மை ஆராய்ச்சி மையத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறீர்கள். அவர் இருந்த காலத்தில் அவர் கேள்விக்கு ஒரு மேசை ஒதுக்கியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

நான் கேட்பது பெரிய திட்டமில்லை. பிள்ளைகள் எழுதிச் செல்லும் கேள்விகளில் ஊரே முக்கியம் என்று சொல்லும் ஐந்தை மட்டும் எடுத்து, பக்கத்திலுள்ள ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புங்கள். அடுத்த ஆண்டுப் பிள்ளைகளையும் அதே ஊருக்கு அனுப்பி, பதிலைக் கிராம சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். 'ஆராய்ந்து பார்த்தோம், வழி தெரியவில்லை' என்பதும் பதில்தான். கிராம சபையில் அதைவிட மோசமான பதில்களையெல்லாம் கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். பதிவேட்டுக்கு மதிப்பெண் போடும்போது, எத்தனை செயல்விளக்கம் நடத்தினார்கள் என்பதோடு, போன ஆண்டுக் கேள்விகளில் எத்தனைக்குப் பதில் கொண்டுபோனார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். படித்து முடிக்கும் பிள்ளைகளில் பலர் வங்கித் தேர்வுக்கும் அரசுத் தேர்வுக்கும் போகப்போகிறவர்கள், அது அவர்கள் உரிமை. நாளை விவசாயக் கடன் மனுவில் கையெழுத்துப் போடப்போவதும் அவர்களில் சிலர்தான். ஊர் கேட்ட கேள்வியை ஒருமுறை துரத்திப் போன அனுபவம் அந்த நாற்காலியிலும் உதவும்.

பேராசிரியர் பணியிடங்கள் நிரம்பாமல் இருக்கையில் இது கூடுதல் சுமை என்று உங்கள் அலுவலகம் சொல்லக்கூடும். நியாயம்தான். அதனால் மாநிலம் முழுவதும் வேண்டாம், ஏத்தாப்பூரைச் சுற்றிப் பத்து ஊரில் தொடங்குங்கள். பாயிண்ட் அளக்கும் கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டால் அடுத்த அறுவடைக்குள் ஏதாவது தெரிந்துவிடும். சோதிக்கக் கிழங்கு என் காட்டிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
சேலம் மாவட்ட மரவள்ளி விவசாயி ஒருவன்