ஏலத்துக்கு வந்த வீட்டுக்கு யார் பொறுப்பு?

'இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்' என்பது வங்கிகளின் சொத்து ஏல அறிவிப்புகளில் தவறாமல் இடம்பெறும் சொற்றொடர். நாளிதழ்களின் உள்பக்கங்களில் பொடி எழுத்தில் வெளியாகும் அந்த அறிவிப்புகளைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. நான் சில ஆண்டுகளாக அவற்றை விடாமல் படித்து வருகிறேன். வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் தொழிலை நம்பி வாழும் ஊர்களின் பெயர்கள் வந்தால் சற்றுக் கூடுதலாகவே நின்று படிப்பேன். நான்கெல்லை இருக்கும்; சதுர அடி இருக்கும்; குறைந்தபட்ச ஏலத் தொகை இருக்கும். கூரை ஒழுகுகிறதா, சுவரில் விரிசல் உண்டா என்பது மட்டும் இருக்காது.

இது அற்பமான விடுபடல் என்று தோன்றலாம். பேரணாம்பட்டைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல இயலாது. 2021 நவம்பர் 19 அன்று, கனமழையில் நனைந்த வீடு ஒன்று அவ்வூரில் இடிந்து விழுந்து, 4 குழந்தைகள் உள்பட 9 பேர் உயிரிழந்தனர். அதையடுத்த சில வாரங்களில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் லேசான நில அதிர்வுகளும் உணரப்பட்டன. இடிந்த அந்த வீட்டுக்கும் வங்கி ஏலத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால், பராமரிப்பற்ற சுவர் ஒரு மழையில் என்ன செய்யும் என்பதை அறிந்த ஊர் அது. அங்கே பராமரிப்பாரின்றிக் கிடக்கும் வீட்டை, அதன் நிலையைச் சொல்லாமலே விற்கலாம் என்று ஒரு நடைமுறை இருப்பதைத்தான் கேள்விக்கு உட்படுத்த வேண்டியிருக்கிறது.

தோல் தொழில் ஊர்களில் வீட்டுப் பத்திரமே பலருக்குத் தொழில் மூலதனம். பெரிய ஏற்றுமதியாளர்களுக்கு ஆலையும் இயந்திரங்களும் பிணையாகும். அவர்களிடம் கூலி வேலை எடுத்துச் செய்பவர், காலணியின் மேற்பகுதியைத் தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறைக்காரர், பதனிடுவதற்கான பொருள்களை விற்பவர் ஆகியோருக்கு வீட்டைத் தவிர அடமானம் வைக்க ஏதுமில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவும் தொழிலின் கணக்கில் சேர்ந்தது. பாலாற்றை நினைத்தால் அது சேர்ந்தே ஆக வேண்டிய செலவு. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதத்தைத் தொட்டது. ஏற்றுமதி ஆணை குறைந்தால் முதலில் நிற்பது கூலி வேலை; அடுத்து நிற்பது மாதத் தவணை.

தவணை தொடர்ந்து 90 நாள்களுக்கு மேல் நின்றால் கடன் வாராக்கடனாகிறது. அதன் பிறகு 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் வருகிறது. நீதிமன்றத்துக்குச் செல்லாமலேயே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் சட்டம் இது. கடன்தாரருக்கு 60 நாள் அவகாசத்துடன் அறிவிப்பு, அவர் ஆட்சேபித்தால் 15 நாள்களுக்குள் பதில், பிறகு சுவாதீனம், பிறகு ஏலம் என்பது வரிசை. பாதிக்கப்பட்டவர் 45 நாள்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தை அணுகலாம். 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் இச்சட்டம் செல்லும் என்று கூறிய உச்சநீதிமன்றம், தீர்ப்பாயத்தை அணுகுவதற்கே 75 சதவீதத் தொகையை முன்கூட்டிக் கட்ட வேண்டும் என்ற விதியை மட்டும் நீக்கியது. வங்கியில் இருப்பது வைப்பாளர்களின் பணம்; அது திரும்ப வந்தாக வேண்டும். சட்டத்தின் நோக்கத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

சிக்கல் 'சுவாதீனம்' என்ற சொல்லில் தொடங்குகிறது. வங்கி இரண்டு விதமாகச் சுவாதீனம் எடுக்கிறது. வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்வது நேரடிச் சுவாதீனம். கதவில் அறிவிப்பை ஒட்டி, நாளிதழில் வெளியிட்டுவிட்டு, குடியிருப்போரை அப்படியே விட்டுவிடுவது அடையாளச் சுவாதீனம். நடைமுறையில் ஏராளமான வீடுகள் இந்த இரண்டாம் வகையிலேயே ஏலத்துக்கு வருகின்றன.

சர்ஃபாசி சட்டத்தின் அமலாக்க விதிகளில் 8ஆம் விதி, அதிகம் பேசப்படாத ஒரு கடமையை வங்கிக்கு விதிக்கிறது. அசையாச் சொத்தின் சுவாதீனத்தை உண்மையாகவே எடுத்துக்கொண்ட அதிகாரி, சாதாரண விவேகமுள்ள ஓர் உரிமையாளர் தம் சொத்தை எப்படிப் பேணுவாரோ அப்படிப் பேண வேண்டும் என்கிறது அது. சொத்து விற்கப்படும் வரை அதைப் பாதுகாக்கவும், தேவையானால் காப்பீடு செய்யவும் வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால், 'உண்மையாகவே எடுத்துக்கொண்ட' என்ற நிபந்தனையில் அடையாளச் சுவாதீனத்தில் இருக்கும் வீடு நழுவிவிடுகிறது. தாளில் மட்டுமே வீட்டை எடுத்த வங்கி, கூரைக்கு ஓர் ஓடுகூட மாற்ற வேண்டியதில்லை.

உரிமையாளர் மாற்றுவாரா? கைவிட்டுப் போகப் போகும் வீட்டுக்கு அவர் ஏன் செலவிட வேண்டும்? தவணைக்கே பணம் இல்லாதவரிடம் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் ஏது பணம்? நேரடிச் சுவாதீனத்துக்காக வங்கி மாவட்ட ஆட்சியரிடம் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவரிடம் மனு செய்கிறது. 30 நாள்களில், காரணம் இருந்தால் 60 நாள்களில் ஆணை பிறப்பிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் காலக்கெடு வழிகாட்டும் தன்மையதே, கட்டாயமன்று என்று 2020இல் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. (2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின, பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. ஒரே தொழிலின் சரிவில் ஏலத்துக்கு வரும் வீடுகள் இன்று இரண்டு ஆட்சியர் அலுவலகங்களில் காத்திருக்கின்றன.) தீர்ப்பாயத்தில் வழக்கும் சேர்ந்தால் ஆண்டுகள் ஓடும். அத்தனை ஆண்டுகளும் அந்த வீட்டின் மீது மழை பெய்துகொண்டுதான் இருக்கும்.

இப்பகுதியின் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மாடித் தளம், மண் சாந்தில் எழுப்பிய தடித்த சுவர், பக்கத்து வீட்டோடு ஒட்டிய பொதுச் சுவர். ஆண்டுக்கு ஒருமுறை மாடியில் ஏறி, நீர்போக்கிக் குழாயில் அடைத்த சருகை அகற்றினால் இத்தகைய வீடு இரண்டு தலைமுறைக்கு நிற்கும். ஓரிரு பருவமழைக்கு அதைச் செய்யாவிட்டால் தேங்கிய நீர் தளத்தில் இறங்கும். உத்தரத்தைக் கரையான் பிடிக்கும். பிற்காலத்துக் கான்கிரீட் வீடுகளும் தப்புவதில்லை. உப்பேறிய நிலத்தடி நீரில் கலந்த கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து வீங்கும். மேற்பூச்சு பெயர்ந்து விழும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவற்றில் பாதி தெரியாது.

வெளியிலிருந்து பார்ப்பதற்குத்தான் ஏலத்தில் வாங்குவோருக்குப் பெரும்பாலும் வாய்ப்பு இருக்கிறது. அடையாளச் சுவாதீனத்தில் உள்ள வீட்டுக்குள் நுழைந்து பார்க்க, வெளியேறப் போகும் குடும்பம் எப்படி அனுமதிக்கும்? அனுமதி கேட்பதற்கே மனம் கூசும். ஆனால், ஏலத்தில் வென்றவர் அன்றே, அல்லது மறு வேலை நாளுக்குள், விலையில் 25 சதவீதத்தைக் கட்ட வேண்டும். மீதியை விற்பனை உறுதியான 15 நாள்களுக்குள், அல்லது வங்கி ஒப்பினால் அதிகபட்சம் மூன்று மாதங்களுக்குள் கட்ட வேண்டும். தவறினால் கட்டிய தொகை பறிபோகும். மாதச் சம்பளக்காரர் ஒருவர் வீட்டுக் கடன் பெற்று இந்தக் காலக்கெடுவுக்குள் முடிப்பது கடினம். எனவே, கையில் ரொக்கம் உள்ள வியாபாரிகளுக்கே இந்தச் சந்தை வசதியாக இருக்கிறது. சந்தை விலையைவிட ஐந்து லட்சம் ரூபாய் குறைவு என்று ஆசைப்பட்டு எடுத்தவர், எட்டு லட்சம் ரூபாயைத் தளத்துக்கும் சுவருக்கும் செலவிட நேர்ந்தால் அந்தக் கணக்கு எந்த அறிவிப்பிலும் வராது.

பழைய பாக்கிகளும் உண்டு. முந்தைய உரிமையாளர் வைத்த மின்கட்டண நிலுவையைச் செலுத்தினால்தான் புதிய இணைப்பு என்று மின்வாரியம் தன் விதிகளின்படி நிபந்தனை விதிக்கலாம் என்று, கேரளத்திலிருந்து சென்ற கே.சி.நைனான் வழக்கில் 2023 மே மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'இருக்கும் நிலையில்' என்று ஒப்புக்கொண்டு வாங்குபவர்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம்.

உரிமையைப் பொறுத்தவரை வாங்குவோரின் நிலை முன்பைவிடப் பலப்பட்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பு முழு நிலுவையையும் செலுத்தினால்தான் கடன்தாரர் சொத்தை மீட்க முடியும். செலிர் எதிர் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில், ஏலத்தில் வென்றவர் 105.05 கோடி ரூபாய்க்கு எடுத்த சொத்தை 129 கோடி ரூபாய் செலுத்தி மீட்கக் கடன்தாரர் முன்வந்தார். மும்பை உயர்நீதிமன்றம் அனுமதித்தது. 2023 செப்டம்பர் 21 அன்று உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்து, சொத்து ஏலம் எடுத்தவருக்கே என்றது. ஏலத்தின் மீது நம்பிக்கை நிலைக்க வேண்டுமானால் இந்த உறுதி தேவைதான். விற்பனையின் புனிதத்தை இவ்வளவு உறுதியாகக் காக்கும் சட்டம், விற்கப்படும் பொருளின் நிலையைப் பற்றி மௌனம் காப்பதுதான் முரண்.

உள்ளே குடியிருப்போரின் நிலை இவர்கள் எல்லோரையும்விட மோசம். வட தமிழகத்தில் பலர் மாத வாடகைக்குப் பதிலாக மூன்று லட்சம், ஐந்து லட்சம் என்று மொத்தத் தொகை கொடுத்துப் போக்கியத்துக்குக் குடியிருக்கின்றனர். பெரும்பாலும் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் மட்டுமே இருக்கும், பதிவு இருக்காது. வீடு ஏற்கெனவே அடமானத்தில் இருப்பது பலருக்குக் கதவில் அறிவிப்பு ஒட்டப்படும் நாளில்தான் தெரிய வருகிறது. வாடகைதாரர்களுக்கு 2016இல் உச்சநீதிமன்றம் அளித்த பாதுகாப்பு, பதிவற்ற அல்லது வாய்மொழி ஒப்பந்தக்காரர்களைப் பொறுத்தவரை 2019இல் சுருங்கியது. போக்கியப் பணத்தைத் திருப்பித் தர உரிமையாளரிடம் வழியில்லை; வங்கிக்குக் கடமையில்லை. எனவே, விரிசல் விட்ட வீடு என்று தெரிந்தும், பணத்தை விட்டுப் போக மனமின்றி அதற்குள்ளேயே இருந்துவிடுகிறார்கள். அடுத்த மழைக்குக் கூரையின் கீழ் இருக்கப் போகிறவர்கள் இவர்கள்தான்.

வீட்டின் நிலையை வெளியிட்டால் விலை குறையும், வங்கிக்குத்தானே நட்டம் என்ற வாதம் உண்டு. நான் இதை ஏற்கவில்லை. தெரியாத குறைக்கு வாங்குவோர் தம் மனத்தில் ஒரு தள்ளுபடியைப் போட்டுக்கொண்டுதான் ஏலம் கேட்கிறார். அந்த அச்சத் தள்ளுபடி, உண்மையான பழுதுச் செலவைவிடப் பெரிதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கேட்பாரின்றி ஏலம் தள்ளிப்போய், குறைந்தபட்ச விலை அடுத்த சுற்றில் குறைக்கப்படுவதையும் பார்க்கிறோம். கடனுக்குப் போக மிஞ்சும் தொகை கடன்தாரருக்கே சேர வேண்டும் என்பது சட்டம். விலை சரியும்போது முதலில் கரைவது அந்த மிச்சம். மிச்சமே இல்லையென்றால் பற்றாக்குறைக்காக அவரையே மீண்டும் துரத்துவார்கள்.

சாதாரணமாக வீடு விற்கும் தனிமனிதருக்கு, 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் ஒரு கடமையை விதிக்கிறது. வாங்குபவர் எளிதில் கண்டறிய முடியாத முக்கியமான குறை தமக்குத் தெரிந்திருந்தால் அதை அவர் சொல்ல வேண்டும்; வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால்தான் விலக்கு. வங்கிகளோ, தாங்களே வகுத்த ஒற்றை வரி நிபந்தனையால் அந்தச் சுமையை இறக்கிவைக்கப் பார்க்கின்றன. ஏலத்துக்கு முன் அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் வங்கி மதிப்பறிக்கை பெற்றே ஆக வேண்டும். வீட்டின் நிலையை அவர் ஓரளவேனும் பார்த்துத்தான் மதிப்பிட்டிருப்பார். அந்த அறிக்கையை ஏலம் கேட்பவர் பார்க்கக் கூடாது என்பதற்கு என்ன நியாயம்?

சொத்தின் தன்மையையும் மதிப்பையும் வாங்குவோர் அறிந்துகொள்ளத் தேவையான விவரங்களை ஏல அறிவிப்பில் சேர்க்க, தற்போதைய விதிகளே அதிகாரிக்கு இடம் தருகின்றன. பொதுத் துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளுக்காக 2025 ஜனவரியில் 'பேங்க்நெட்' என்ற இணையதளமும் வந்துவிட்டது. மதிப்பறிக்கை, கூரை மற்றும் சுவர்களின் ஒளிப்படங்கள், குடியிருப்போர் யார், மின்கட்டணமும் சொத்துவரியும் எவ்வளவு நிலுவை ஆகியவற்றை அதில் ஏற்ற நிதி அமைச்சகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். அடையாளச் சுவாதீனத்திலுள்ள குடியிருப்பு வீடுகளுக்கும் பராமரிப்புக் கடமையை நீட்டிக்கத்தான் விதித் திருத்தம் வேண்டும்.

2008 நெருக்கடியின்போது அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், பறிமுதலான காலி வீட்டைப் பராமரிக்காத உரிமையாளர் வங்கியாகவே இருந்தாலும் நாளொன்றுக்கு 1,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம் என்று சட்டம் இயற்றியது. அங்கே தெருத் தெருவாக வீடுகள் காலியாகிப் பாழடைந்த பிறகு வந்த சட்டம் அது. நம் ஊர்களில் ஒரு தெருவுக்கு ஒரு வீடுதான் அப்படி இருக்கும். ஆனால், நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு பொதுச் சுவர்.

இடியும் நிலையிலுள்ள கட்டடத்துக்கு அறிவிப்பு அனுப்பிச் சரிசெய்ய வைக்கும் அதிகாரம் நகராட்சிக்கு இருக்கிறது. எந்த வீடு வங்கியின் நடவடிக்கையில் இருக்கிறது, அதில் யார் பதில் சொல்வார் என்பதுதான் அதற்குத் தெரியாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பருக்குள், பேரணாம்பட்டு எல்லைக்குள் தாங்கள் அடையாளச் சுவாதீனம் எடுத்துள்ள வீடுகளின் பட்டியலையும், பொறுப்பு அதிகாரியின் தொலைபேசி எண்ணையும் ஒவ்வொரு வங்கிக் கிளையும் நகராட்சி ஆணையரிடம் கொடுக்கட்டும். மாவட்ட ஆட்சியர் நடத்தும் வங்கியாளர் கூட்டம் ஒன்றிலேயே முடித்துவிடக்கூடிய வேலை இது.